ரத்தக்குழாய்க்கு டயட்டா, மூலிகை கேப்சூலா? ரிப்போர்ட்டோடு பேசலாம்

திருப்பூர்_கணக்கு

வணக்கம். வயசு 46. பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், நாள் பூரா உட்கார்ந்த வேலை. போன வாரம் கம்பெனியில் முகாம் வைத்து எல்லாரையும் பரிசோதித்தார்கள். என் பிபி 148/94. ரத்தக் கொழுப்பில் கெட்டது என்கிற எல்டிஎல் 152, இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210, எடை 81 கிலோ. அது போக, கையிலும் காலிலும் பட்டை கட்டி ஒரு மெஷினில் ஏதோ எடுத்தார்கள். அந்தத் தாளில் "உங்கள் ரத்தநாள வயது 58" என்று அடித்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து சரியான தூக்கம் இல்லை. எங்க அப்பா பக்கவாதத்தில் போனது 59 வயசில்.

டாக்டர் பிபிக்கு டெல்மிசார்ட்டன் 40, கொழுப்புக்கு ரோசுவாஸ்டேட்டின் 10 எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் ஆரம்பிக்கவில்லை. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமா அனுப்பியது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தக் கஷாயம்: இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், பாதியாகச் சுண்டவைத்து தேன். மச்சான் வாங்கி வந்தது பூண்டு கேப்சூலும், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலும். அம்மா மருதம்பட்டைப் பொடி வாங்கி வைத்திருக்கிறார். நானாக ராத்திரி சோற்றை நிறுத்தி பத்து நாள் ஆகிறது.

மூணு மாசம் இதையெல்லாம் பார்த்துவிட்டு, குறையவில்லை என்றால் மாத்திரைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். இதில் எது உண்மையிலேயே நம்பரைக் குறைக்கும்? அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_பார்மசி

அண்ணே, இருபது வருஷமா மருந்துக்கடைக்குள்ளயே நிற்கிறேன். உங்க கேள்வியையே அப்படியே எடுத்துச் சோதித்த ஆய்வு ஒண்ணு இருக்கு. 2022 நவம்பரில் வெளிவந்தது, பேரு ஸ்போர்ட். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்காரங்க நடத்தினது. 40-லிருந்து 75 வயசு வரை 190 பேரை எட்டுக் குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டேட்டின், அதுவும் வெறும் 5 எம்ஜி. ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மத்த ஆறு குழுவுக்கு மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி.

28 நாள் கழிச்சுப் பார்த்தா, ரோசுவாஸ்டேட்டின் குழுவில் எல்டிஎல் சுமார் 38 சதவீதம் இறங்கியிருந்தது. மத்த ஆறில் ஒண்ணுகூட வெற்று மாத்திரையை ஜெயிக்கலை. பூண்டுக் குழுவில், வெற்று மாத்திரையோட ஒப்பிட்டா, 7.8 சதவீதம் ஏறியே இருந்தது.

உங்க டாக்டர் எழுதினது 10 எம்ஜி. அதை அலமாரியில வச்சுக்கிட்டு பூண்டு கேப்சூலை முழுங்குறது எனக்கு மனசு ஒப்பலை. அதுவும் அப்பாவுக்கு 59-ல பக்கவாதம்னு நீங்களே சொல்றப்போ.

மூலிகை_நேசன்

மருந்தாளுநர் நண்பர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஆஸ்ட்ராஜெனிகா. ரோசுவாஸ்டேட்டினை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனியே அதுதான். 28 நாள் என்பதும் போதாது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு மண்டலம், இரண்டு மண்டலம் என்றுதான் மருந்து சாப்பிட்டார்கள்.

தவிர, எல்டிஎல் ஒன்றை மட்டும் வைத்து ரத்தக்குழாயை எடை போடுவது சரியா? குழாயின் உட்சுவர் விரிந்து கொடுக்கிறதா என்பதும் முக்கியம். மருதம்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். புகைபிடிக்கும் 18 ஆண்களுக்கு 500 எம்ஜி வீதம் தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் கொடுத்து, கைத்தமனி விரிவதை ஸ்கேனில் அளந்திருக்கிறார்கள். நன்றாகவே முன்னேறியிருக்கிறது. 2004-ல் நம் நாட்டு இதய மருத்துவ இதழில் வந்த ஆய்வு. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

நெல்லை_பார்மசி

> அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஆஸ்ட்ராஜெனிகா

உண்மை. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஆனா பூண்டுக்கு அதுக்கு முன்னாடியே ஒரு சோதனை நடந்திருக்கு. 2007-ல் ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாசம், வாரத்துக்கு ஆறு நாள். பச்சைப்பூண்டு ஒரு குழு, இரண்டு வகை பூண்டு மாத்திரை இரண்டு குழு, ஒண்ணுமில்லாத குழு ஒண்ணு. இதுக்குப் பணம் அமெரிக்க அரசு. எல்டிஎல் எந்தக் குழுவிலயும் அசையலை. மண்டலத்துக்கு 48 நாள்னா, ஆறு மாசம் கிட்டத்தட்ட நாலு மண்டலம் வருது.

மருதம்பட்டையைப் பத்தி நீங்க சொன்னது சரி. அதை நான் மறுக்கலை. 18 பேர், இரண்டு வாரம் என்பதுதான் எனக்கு உறுத்துது.

ஸ்கேன்_ரூம்

நான் ஸ்கேன் சென்டரில் ரத்தக்குழாய் டாப்ளர் எடுக்கிறவள். இந்த "விரிந்து கொடுக்கிற" அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் பாதி கேப்சூல் விளம்பரம் ஓடுகிறது.

முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக ஓடும் தமனியை ஸ்கேனில் பிடித்து விட்டத்தை அளப்போம். பிறகு முன்கையில் பிபி பட்டையை இறுக்கி ஐந்து நிமிஷம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, சட்டென்று விடுவோம். ரத்தம் வேகமாகப் பாயும். அந்த உராய்வை உணர்ந்து குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும், குழாய் விரியும். எத்தனை சதவீதம் விரிகிறது என்பதுதான் அளவு. 1992-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் இந்த முறை பரவலானது. நைட்ரிக் ஆக்சைடு இப்படிச் சேதி சொல்கிறது என்று கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். தமனி 4 மில்லிமீட்டர் என்று வைத்தால், 7 சதவீத விரிவு என்பது 0.28 மில்லிமீட்டர். மூன்று நான்கு தலைமுடி கனம். நான் புரோபைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே அந்த அளவு தவறும். அறை குளிராக இருந்தால் மாறும். காபி குடித்திருந்தால் மாறும். கொழுப்பு நிறைந்த ஒரே ஒரு வேளைச் சாப்பாடு சில மணி நேரத்துக்கு இந்த விரிவைக் குறைத்துவிடும் என்பதை 1997-லேயே காட்டிவிட்டார்கள். அதனால் பத்துப் பதினெட்டுப் பேரை வைத்து வருகிற முடிவை நான் நம்பிக்கை தருகிற ஆரம்பம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

குழாய் விரிந்தது என்பதாலேயே மாரடைப்பு குறையும் என்றும் சொல்லிவிட முடியாது. கோகோவில் உள்ள ஃப்ளேவனால் என்ற சத்து இந்த விரிவைக் கூட்டும் என்று பல சிறிய ஆய்வுகள் சொல்லின. பிறகு 21,442 பேரை வைத்துக் கோகோ சத்து மாத்திரையைச் சோதித்தார்கள், காஸ்மோஸ் என்று பெயர், 2022-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்த முக்கியக் கணக்கில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. இதயநோய்ச் சாவு மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. முக்கியக் கேள்வி தேறாமல் துணைக்கேள்வி மட்டும் தேறியிருப்பதால், அதை இன்னொரு ஆய்வு உறுதிசெய்ய வேண்டும்.

திருப்பூர் அண்ணா, உங்கள் "ரத்தநாள வயது 58" பற்றி: நாடி அலை கையை எட்டும் நேரத்துக்கும் காலை எட்டும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அந்த மெஷின் கணக்கிடுகிறது. குழாய் விறைத்திருந்தால் அலை வேகமாக ஓடும். ஆனால் அந்த நேரத்தில் பிபி ஏறியிருந்தாலும் வேகமாகத்தான் ஓடும். 148/94-ல் படுக்க வைத்து எடுத்தால் வயசு கூடத்தான் காட்டும். அதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிபியைக் குறைத்தபின் அதே மெஷினில், அதே நேரத்தில், வெறும் வயிற்றில் எடுத்துப் பாருங்கள்.

திருப்பூர்_கணக்கு

அக்கா, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அந்தத் தாளை யாருமே இப்படி எடுத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு வரிசையில் நிற்கும்போது இரண்டு டீ குடித்திருந்தேன்.

லண்டன்_யாழ்

அண்ணை, நான் லண்டனில பதினேழு வருஷமா இருக்கிறன். நைட்ரிக் ஆக்சைடு கதை வந்தபடியா பீட்ரூட் பற்றிச் சொல்லவேணும், ஏனெண்டா அந்த ஆராய்ச்சி நடந்ததே இஞ்சதான், பார்ட்ஸ் ஆஸ்பத்திரிப் பக்கம்.

2008-ல நல்ல சுகமா இருக்கிற ஆக்களுக்கு அரை லீட்டர் பீட்ரூட் சாறு குடுத்துப் பார்த்தவை. ரெண்டரை, மூண்டு மணித்தியாலத்தில மேல் பிரஷர் 10 புள்ளி வரை இறங்கினது. இதில அதிசயம் என்னெண்டா, சாறு குடிச்ச பிறகு எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னால் பிரஷர் இறங்கேல்லை. பீட்ரூட்டில இருக்கிற நைட்ரேட் ரத்தத்துக்குப் போய், திரும்ப எச்சிலில வந்து, நாக்கில இருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, அதை விழுங்கினாத்தான் வேலை நடக்குது. கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாய் கழுவுறவைக்கு இந்த வழி அடைபட்டுப் போகும்.

2015-ல பிரஷர் உள்ள 64 பேருக்கு நாலு கிழமை, நாளுக்கு 250 மில்லி குடுத்தவை. மேல் பிரஷர் 7, 8 புள்ளி இறங்கினது, ரத்தக்குழாயும் நல்லா விரிஞ்சது. சாறு நிப்பாட்டின பிறகு பிரஷர் பழையபடி வந்திட்டுது.

எனக்கு இதில விளங்கினது, பீட்ரூட் மட்டுமில்லை, கீரை எல்லாத்திலயும் அந்த நைட்ரேட் கிடக்கு. முளைக்கீரையும் பசளியும் கிடைக்கிற ஊரில இருந்துகொண்டு கேப்சூல் தேடத் தேவையில்லை. ஆனா சிறுநீரகக் கல் வந்த ஆக்கள் பீட்ரூட் சாறைக் கவனமாக் குடிக்கவேணும், அதில ஒக்சலேட் கூட.

அடுப்படி_அலமேலு

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். நான் அடுப்படிப் பக்கத்திலிருந்து ஒரு கணக்குச் சொல்லலாமா?

என் வீட்டுக்காரருக்கு 160/100 வந்தபோது, டயட்டீஷியன் ஒரு அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு கிலோ உப்பு பாக்கெட் உங்க வீட்டுல எத்தனை நாளைக்கு வரும்?" எனக்குத் தெரியவில்லை. அடுத்த பாக்கெட் பிரித்த அன்றே மேலே தேதி எழுதி வைத்தேன். வீட்டில் நாலு பேர். 22 நாளில் தீர்ந்தது. போட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 11 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். நாலு பேருக்கு 5 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும். வடித்த கஞ்சியோடு கொஞ்சம் போயிருக்கும், சரி. ஆனால் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர், இதெல்லாம் அந்த பாக்கெட் கணக்கில் வரவே இல்லையே.

முதலில் சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினேன். அடுத்து இட்லி மாவில் பாதி. ரசத்தில் புளியும் மிளகும் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரிவதில்லை. சாம்பாரில் தெரியும், அதில்தான் முதல் பதினைந்து நாள் சண்டை. மேசையிலிருந்த உப்பு டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மூன்றாவது மாசம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு வந்து, "எல்லாத்துலயும் உப்பை அள்ளிக் கொட்டிட்டாங்க" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது பாக்கெட் 41 நாள் வருகிறது. அவர் பிபி மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது, டாக்டர் பார்த்துக் குறைத்தது.

நெல்லை_பார்மசி

அலமேலு அம்மா சொன்னதுக்கு ஆதாரம் கெட்டியா இருக்கு. 1997-ல் அமெரிக்காவில் டேஷ் என்கிற சாப்பாட்டுமுறையை 459 பேருக்குச் சமைச்சே போட்டுச் சோதிச்சாங்க. காய், பழம், பருப்பு, கொட்டை, கொழுப்பு குறைஞ்ச பால், தயிர். எட்டு வாரம். உப்பையும் மாத்தலை, எடையும் மாற விடலை. அப்படியும் ரத்தக்கொதிப்பு உள்ளவங்களுக்கு மேல் அளவு 11.4, கீழ் அளவு 5.5 இறங்கியது. ஒரு பிபி மாத்திரை செய்யற வேலை அது. 2001-ல் உப்பையும் குறைச்சுப் பார்த்தாங்க, இன்னும் இறங்கியது. இது போக எடை குறைஞ்சா, கிலோவுக்குச் சுமாரா ஒரு புள்ளின்னு வச்சுக்கலாம்.

அண்ணே, ராத்திரி சோத்தை நிறுத்தினேன்னீங்களே, அதுக்குப் பதிலா என்ன சாப்பிடுறீங்க? நாலு பரோட்டா, சால்னான்னா ஒரு பிரயோஜனமும் இல்லை.

திருப்பூர்_கணக்கு

சப்பாத்தி மூணு, குருமா. பல நாள் கடையில் வாங்குவது. குருமாவைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். இந்துப்புக்கு மாறினால் போதாதா? எங்கள் ஏரியா கடையில் "பிபிக்கு நல்லது" என்று கிலோ கணக்கில் போகிறது. சோடியம் குறைந்த உப்பு என்று இன்னொரு பாக்கெட்டும் பார்த்தேன்.

நெல்லை_பார்மசி

இந்துப்பும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான். நிறம் வேற, சத்து ஏதோ துளி. பிபிக்கு வித்தியாசம் எதுவும் இல்லை. அதுவும் அயோடின் சேர்க்காததா இருந்தா அது ஒரு நஷ்டம்.

சோடியம் குறைஞ்ச உப்பு வேற விஷயம். அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சீனாவில் 600 கிராமத்தில் சுமார் 21,000 பேரை வச்சு, முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்து கொடுத்தாங்க. 2021-ல் முடிவு வந்தது, பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. ஆனா நீங்க டாக்டரைக் கேக்காம அதைத் தொடாதீங்க. உங்களுக்கு எழுதியிருக்கிற டெல்மிசார்ட்டன் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமா இருந்தாலும் இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் ஆபத்தா ஏறிடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் பார்த்துட்டு டாக்டர் சரின்னா வாங்குங்க.

கரூர்_மகள்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்.

அம்மாவுக்கு 67 வயசு. ஆறு வருஷமாக ஒரே மாத்திரையில் பிபி 130-க்குள் நின்றது. போன மார்கழியிலிருந்து 170, 175. காலில் வீக்கம். மாடிப்படி ஏறினால் தொடை துவண்டுவிடும், "காலுக்கு உயிரே இல்லடி" என்பார். ஒரு ஆஸ்பத்திரியில் மாத்திரையை இரண்டாக்கி, அப்புறம் மூன்றாக்கினார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தார். 2.9. உடனே, "வேறு ஏதாவது பொடி, லேகியம்?" என்று கேட்டார்.

அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலை பாக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். அதிமதுரப் பொடி. குளிர்காலத் தொண்டைக் கரகரப்புக்கு என்று ஆரம்பித்து, இனிப்பு பிடித்துப்போய் நாளெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கே தெரியாது. அதில் உள்ள ஒரு சத்து சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுமாம். பொடியை நிறுத்தி ஆறு வாரத்தில் 134. மாத்திரையும் பழையபடி ஒன்று.

அம்மா இன்னும், "செடிதானே, செடி என்ன பண்ணும்" என்கிறார்.

மூலிகை_நேசன்

கரூர் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க பதில் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அதிமதுரம் தேநீரில் போடுகிறோம். சளிக்கு இரண்டு நாள் என்று கொடுப்பதை நாள்தோறும் தின்பதாக்கிவிட்டோம். அம்மா தேறியது பெரிய ஆறுதல்.

செடி என்ன பண்ணும் என்றால், நிறையவே பண்ணும். சர்ப்பகந்தா வேர் பிபியைக் குறைக்கும் என்று 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்க பிபிக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. வேலை செய்கிற மூலிகைக்கு அளவும் உண்டு, பக்கவிளைவும் உண்டு. மூலிகையை மதிக்கிறவன் அதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். அதனால் என் பழைய பதிவில் ஒரு திருத்தம்: மருதம்பட்டை மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் டாக்டர் எழுதிய மாத்திரைக்குப் பதிலாக அதைச் சாப்பிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "செம்பருத்தி டீ பிபியைக் குறைக்கும்" என்று பரவுகிறதே, ஆய்வு நடந்தது நம் வாசல் செம்பருத்தியில் இல்லை. புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் காயைச் சுற்றியிருக்கும் தடித்த சிவப்பு மடல்களில். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பொதுப்பெயர் என்பதால் வந்த வினை. 2010-ல் வந்த அந்த ஆய்வில் 65 பேர், தினம் மூன்று கோப்பை, ஆறு வாரம். மேல் அளவு 7.2 புள்ளி இறங்கியது, வெற்றுப் பானம் குடித்தவர்களுக்கு 1.3. வாசல் செம்பருத்தியைத் தலைக்குத் தேய்க்கலாம், இந்த ஆய்வை அதன்மேல் ஏற்றக்கூடாது.

நெல்லை_பார்மசி

நேசன் ஐயா, ரொம்ப நன்றி. மஞ்சள் கேப்சூல் பத்தியும் சொல்லிடுறேன். குழம்பில் போடுற மஞ்சள் வேற, செறிவாக்கி மிளகுச் சத்து சேர்த்த கேப்சூல் வேற. மஞ்சளில் இருக்கிற குர்குமின் சாதாரணமா ரத்தத்தில் அதிகம் சேராது, மிளகு அதைச் சேர வைக்கும். அந்த மாதிரி கேப்சூலால் கல்லீரல் கெட்ட கேஸ்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கு. கண் மஞ்சளாச்சு, சிறுநீர் அடர்த்தியாப் போகுதுன்னா உடனே நிறுத்தணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க பூண்டு, மஞ்சள் கேப்சூல் இரண்டையும் டாக்டர்கிட்ட சொல்லாமச் சாப்பிடவே கூடாது.

திருப்பூர்_கணக்கு

நூறு நாள் ஆகிவிட்டது. கணக்கோடு வருகிறேன்.

கரூர் சகோதரி எழுதியதைப் படித்த அன்று ராத்திரியே இரண்டு மாத்திரையையும் ஆரம்பித்தேன். பூண்டு, மஞ்சள் கேப்சூலை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமா கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. மருதம்பட்டை அம்மாவின் மனசுக்காக வீட்டில் இருக்கிறது, டாக்டரிடம் காட்டினேன், இப்போது வேண்டாம் என்றார்.

குருமா வாங்குவது நின்றது. ராத்திரி இரண்டு சப்பாத்தி, கீரை இல்லாவிட்டால் பாசிப்பயறு. நாலு மணிக்கு பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை, உப்புப் போடாதது. கம்பெனியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரை நடை. உப்பு பாக்கெட்டில் தேதி எழுதினோம்: முதல் பாக்கெட் மூணு பேருக்கு 31 நாள், அடுத்தது 48.

எடை 75.5. வீட்டில் காலையும் மாலையும் ஒரு வாரம் எடுத்த பிபியின் சராசரி 126/80. எல்டிஎல் 78, ட்ரைகிளிசரைடு 142. இதில் மாத்திரை செய்தது எவ்வளவு, சாப்பாடு செய்தது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எல்டிஎல் இறங்கியதில் பெரும்பங்கு மாத்திரைதான் என்று டாக்டர் சொன்னார்.

ஸ்கேன்_ரூம் அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டும். வீட்டு பிபி மெஷினில் என் மனைவிக்குப் பார்த்தால் மேல் அளவு 138, 140 காட்டுகிறது. அவளுக்கு இதுவரை பிபி என்று யாரும் சொன்னதில்லை. கை கொஞ்சம் பருமன்.

ஸ்கேன்_ரூம்

அண்ணா, ரொம்ப சந்தோஷம். முதலில் பட்டையைப் பாருங்கள். மெஷினோடு வருவது பெரும்பாலும் நடுத்தர அளவு, அதன் மேலேயே எத்தனை சென்டிமீட்டர் சுற்றளவுக்கு என்று அச்சிட்டிருக்கும். அண்ணியின் மேல்கை நடுவில் தையல் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். கை அதைவிடப் பெரிதாக இருந்தால் பிபி கூடுதலாகத்தான் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும்.

பட்டையை மாற்றிய பிறகு, சமையல் முடித்த கையோடு எடுக்காமல், முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. ஏழு நாள் காலை, மாலை எழுதி வையுங்கள். அப்படியும் சராசரி 135-க்கு மேல் நின்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது அண்ணி வாயில் என்ன போட்டுக்கொள்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள்.

திருப்பூர்_கணக்கு

டேப் வைத்துப் பார்த்தேன். கை 35 சென்டிமீட்டர், பட்டையில் 32 வரைதான் போட்டிருக்கிறது. நாளைக்கே பெரியது வாங்குகிறேன்.